ஜாடிக்குப் பதில் உருண்டை

"இந்தத் தடவை நாலு" என்றாள் மனைவி.

ஸ்டோர் சார் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேஜைமேல் ஒரு மரப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே, சுருட்டித் திணித்த காகிதங்களுக்கு நடுவில் நான்கு கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத் தண்ணீரில் ஏதோ கிழங்குத் துண்டுகளும் ஏதோ மீன் துண்டுகளும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகளைப் போல ஒதுங்கி ஒதுங்கிக் கிடந்தன.

"முதல்ல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, இப்ப நாலு. அடுத்தது எட்டுப்பா" என்றாள் கல்லூரியில் கணிதம் படிக்கும் மகள். அவள் படிப்பு வீட்டுக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

"மூடியைத் திறந்துடாதீங்க" என்றார் ஸ்டோர் சார்.

"யாரு திறந்தா? மூடியிருக்கறப்பவே இப்படி மணக்குது" என்றாள் மனைவி.

அவர் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இருபத்தாறு வருடங்களாக நட்டு, போல்ட்டு, வாஷர், வால்வு என்று எண்ணி எண்ணிக் கொடுத்ததில் சொந்தப் பெயர் தேய்ந்துபோய், தெருவில் காய்கறி விற்பவர் வரைக்கும் அவர் 'ஸ்டோர் சார்' ஆகிவிட்டார். வீட்டுச் சமையலறை டப்பாக்களிலும் வாங்கிய தேதியும் எடையும் எழுதி ஒட்டியிருப்பார். உப்பு தீரப்போகிறது என்பது உப்புக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டில் ஒரு கூட்டாளிக் கம்பெனி உண்டு. இரண்டு மேனேஜர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசி, பம்பு மட்டும் போய் வந்தால் போதாது, பாசமும் போய் வரவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதன்படி இங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் அங்கே அதே வேலை செய்யும் ஒருவர் ஜோடி. மாதம் ஒரு பார்சல். அதில் அவரவர் நாட்டுக்கே உரிய உணவு, கூடவே ஒரு கடிதம். ஃபிட்டர்கள் ஒரே ஒரு தடவை பிஸ்கட் பரிமாறிக்கொண்டு கைகழுவிவிட்டார்கள். கணக்குப் பிரிவு அந்தச் சுற்றறிக்கையைப் படிக்கவே இல்லை. விடாமல் நடத்திய ஒரே ஜோடி ஸ்டோர் கீப்பர்கள்தான். வந்த சரக்கு வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுக்காவிட்டால் அந்த ஜாதி மனிதர்களுக்குச் சோறு இறங்காது.

வம்பு அப்படி எழுதிக் கொடுத்ததில்தான் ஆரம்பித்தது.

'எங்கள் நாட்டில் எல்லா வீடுகளிலும் இருப்பது. நானே என் கையால் செய்தேன்' என்ற கடிதத்தோடு முதல் ஜாடி வந்தது. ஸ்டோர் சார் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். அப்படி ஒரு உப்பு. உப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு. புளிப்பு போனதும் மறுபடியும் உப்பு. மகள் பால்கனிக்கு ஓடினாள். மனைவி தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு நாடே இதைச் சாப்பிட்டுட்டு எப்படிங்க நடமாடுது?" என்று கேட்டாள்.

மிச்சத்தைப் பால்கனிப் பூந்தொட்டியில் கொட்டினார்கள். அந்தத் தொட்டியில் இன்றுவரை ஒரு புல் முளைக்கவில்லை.

இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. 'மிக அருமை. இருப்பு இல்லை' என்று எழுதி அனுப்பினார். இருப்பு இல்லை என்று ஒரு ஸ்டோர் கீப்பர் இன்னொரு ஸ்டோர் கீப்பருக்கு எழுதினால், உடனே அனுப்பு, கூடுதலாக அனுப்பு என்று கேட்பதாகத்தான் உலகம் முழுவதும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு ஜாடிகள் வந்து இறங்கிய பிறகுதான் அவருக்கு அது உறைத்தது.

அந்த இரண்டையும் கம்பெனி வாட்ச்மேன் தலையில் கட்டினார்.

"வெளிநாட்டுச் சரக்கு. வீட்டுக்குக் கொண்டு போங்க."

மறுநாள் காலையில் வாட்ச்மேன் வழக்கமான சல்யூட் அடிக்கவில்லை. "சார், நான் உங்களுக்கு ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தத் தடவை உஷாராக எழுதவேண்டும் என்று, 'தாராளமாக இருப்பு உள்ளது. தங்களுக்குச் சிரமம் வேண்டாம்' என்று எழுதினார். அதற்குப் பதில்தான் இப்போது மேஜைமேல் உட்கார்ந்திருக்கும் நான்கு ஜாடிகள். கூடவே கடிதம்: 'இருப்பு இருக்கும்போதே அடுத்ததற்கு ஏற்பாடு செய்பவன்தான் நல்ல ஸ்டோர் கீப்பர். நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிந்துவிட்டது, நண்பரே.'

"நேராவே எழுதிடுங்கப்பா. பிடிக்கலை, அனுப்பாதீங்கன்னு" என்றாள் மகள்.

ஸ்டோர் சார் சமையலறைப் பக்கம் பார்த்தார். அங்கே ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. செருப்பைக் கழற்றினார்.

அந்தக் கடிதத்தில்தான் விஷயமே இருந்தது.

மனைவி ஒரு இனிப்பு உருண்டை செய்வாள். அவளாகக் கண்டுபிடித்த பக்குவம். சர்க்கரைப் பாகு, மாவு எல்லாம் மற்றவர்களைப் போலத்தான். அதற்குமேல் மிளகு, சுக்கு, கிராம்பு ஆகிய மூன்றையும் கைக்கு வந்தபடி போடுவாள். 'உடம்புக்கு நல்லது' என்பாள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடங்களில் அந்த உருண்டையை முழுதாகச் சாப்பிட்டவர் யாரும் இல்லை. சொந்தக்காரர்களும் மேல் வீடு, கீழ் வீட்டுக்காரர்களும், "அப்புறம் சாப்பிடறேன்" என்று கைக்குட்டையில் முடிந்துகொள்வார்கள். மகள் அதற்கு வைத்த பெயர் பீரங்கிக் குண்டு. ஸ்டோர் சார் தம் பங்கை ஆபீஸுக்கு எடுத்துப்போவதாகச் சொல்லி எடுத்துப்போவார். அதற்குப் பிறகு அவை எங்கே போயின என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கேட்காததால் தெரியாது என்று அர்த்தமில்லை. தட்டில் மிஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து, கடந்த சில வருடங்களாக அவள் அதைச் செய்வதையே விட்டுவிட்டாள்.

நம் நாட்டுக்கே உரிய உணவு என்று சுற்றறிக்கை வந்தபோது, அவளே தயங்கித் தயங்கி, "அந்த உருண்டையை அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். அத்தனை தூரத்திலிருந்து யார் வந்து சண்டை போடப்போகிறார்கள் என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

பதில் வந்தது. 'இருபது உருண்டைகளையும் ஒரே நாளில் நான் ஒருவனே சாப்பிட்டு முடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருப்பு இல்லை. உங்கள் மனைவியின் கைகளுக்கு என் வணக்கம்.'

அந்தக் கடிதத்தை அவள் நான்கு தடவை படித்தாள். பிறகு மாடிக்குப் போய் மேல் வீட்டில் படித்தாள். கீழே வந்து கீழ் வீட்டில் படித்தாள். அடுத்த மாதம் நாற்பது உருண்டை, அதற்கடுத்த மாதம் எண்பது. புதிதாக ஒரு பெரிய பாத்திரம் வாங்கினாள். வேலை செய்துகொண்டே பாட ஆரம்பித்தாள். இருபத்து மூன்று வருடங்களில் அவள் இப்படிச் சந்தோஷமாக இருந்து ஸ்டோர் சார் பார்த்ததில்லை. நாம் ஒரு தடவையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று அவருக்கு வெட்கமாகவே இருந்தது.

ஆனால் அவருக்கு ஒன்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. ஜாடியைப் பற்றி தான் எழுதிய பொய்யைத்தான் உருண்டையைப் பற்றி அந்த ஆளும் எழுதியிருக்கிறான். இவர் ஒரு நாள் ஜாடி பிடிக்கவில்லை என்று எழுதினால், ரோஷத்தில் அவனும் உருண்டையைப் பற்றி உண்மையை எழுதிவிடுவான். அதை ஃபிரிட்ஜில் ஒட்ட முடியாது.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் அந்த நாட்டு மொழி தெரிந்த ஒரு பெண் இருந்தாள். இரண்டு பக்கக் கடிதங்களையும் மொழிபெயர்ப்பவள் அவள்தான்.

"டாக்டர் என்னை உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார்னு எழுதும்மா."

"ஐயோ, பிரஷரா சார்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. சும்மா எழுது."

"ஒண்ணுமில்லைன்னும் எழுதணுமா சார்?"

"அதை எழுதிடாதே!"

பதில் பத்தே நாளில் வந்தது. அதைப் படிக்கும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு உற்சாகம் தெரிந்தது.

"உங்க உடம்பு இப்படி ஆயிடுச்சுன்னு கேட்டு மனசே சரியில்லையாம் சார். அடுத்த மாசம் அங்கேர்ந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற குழுவுல தன் பேரையும் சேர்த்துக்கிட்டாராம். உங்களை நேர்ல பார்த்தாத்தான் நிம்மதியாம். உப்பே போடாம எட்டு ஜாடி தனியா செஞ்சு கையோட எடுத்துட்டு வராராம்."

மகள் போட்ட கணக்கு சரியாகவே வந்தது.

செய்தி கேட்ட நிமிஷத்திலிருந்து வீட்டில் மனைவியின் ஆட்சி. திரைச்சீலை மாறியது. நாற்காலிகளுக்கு வார்னிஷ் அடிக்கப்பட்டது. "நம்ம வீட்டுலதான் சாப்பிடணும். சுடச்சுட என் கையால உருண்டை கொடுக்கணும். மேல் வீட்டு அக்காவையும் கீழ் வீட்டு அக்காவையும் வரச்சொல்லியிருக்கேன், அவர் சாப்பிடறதைப் பார்க்க" என்றாள்.

"அவங்க எதுக்கு?" என்றார் ஸ்டோர் சார்.

"இத்தனை வருஷம் கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துட்டுப் போனாங்களே, அதுக்குத்தான்."

கடிதத்தில் பொய் சொல்வது எளிது. பீரங்கிக் குண்டை வாயில் வைத்துக்கொண்டு, மூன்று பெண்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது பொய் சொல்ல எந்த நாட்டு மனிதனால் முடியும்? அந்த ஆள் ஒரு தடவை முகத்தைச் சுளித்தால் போதும். பாட்டு நின்றுவிடும். பாத்திரம் பரணுக்குப் போய்விடும்.

விருந்தாளி வரும் நாள் காலையில் அவர் பேக்கரிக்குப் போனார். பார்க்க உருண்டையைப் போலவே இருக்கும், வாயில் போட்டால் வெண்ணெயாகக் கரையும் இனிப்பு ஐம்பது வாங்கினார். மனைவி குளிக்கப் போன நேரத்தில் டப்பாவில் இருந்த உருண்டைகளை எடுத்துவிட்டு இதை அடுக்கினார். எடுத்த உருண்டைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்து, கடைசியில் ஒரு பையில் கட்டி வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினார்.

திரும்பினால் மகள் நின்றிருந்தாள்.

"நான் எதையும் பார்க்கலைப்பா" என்றாள். "ஆனா மெஷினை ஆன் பண்ணிடாதீங்க. மெஷின்தான் உடையும்."

சரியாகப் பதினொரு மணிக்கு விருந்தாளி வந்தார். தடித்த கண்ணாடி, சட்டைப்பையில் மூன்று பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அளவு டேப். வந்ததும் வீட்டு டப்பாக்களில் ஒட்டியிருந்த தேதிகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கூடவே மொழிபெயர்ப்புப் பெண், அவளுக்குப் பின்னால் எட்டு ஜாடிகளில் முதலாவதைத் தூக்கிக்கொண்டு டிரைவர். மேல் வீட்டு அக்காவும் கீழ் வீட்டு அக்காவும் ஏற்கெனவே சோபாவில் இடம் பிடித்திருந்தார்கள்.

வரவேற்ற பரபரப்பில் மனைவி அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டாள். பால் பொங்கி, வற்றி, அடிப்பிடித்து, வீடெல்லாம் கருகல் நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடினார்கள். விருந்தாளி மட்டும் சிரித்த முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். என்ன ஒரு நாகரிகம் என்று ஸ்டோர் சார் வியந்தார். இந்த ஆளிடம் உருண்டையையே கொடுத்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

முதலில் ஜாடி திறக்கப்பட்டது. உப்பு இல்லைதான். உப்பு இருந்த இடத்தையும் சேர்த்துப் புளிப்பு பிடித்துக்கொண்டிருந்தது. விருந்தாளி தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்டோர் சாரின் வாயையே பார்த்தார். கண் இமைக்கவில்லை. இவர் மென்றால் அவர் தாடையும் சேர்ந்து அசைந்தது.

ஸ்டோர் சார் மென்று விழுங்கினார். "பிரமாதம்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. விருந்தாளி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்ப என் முறை" என்று மனைவி டப்பாவோடு வந்தாள்.

விருந்தாளி ஒன்றை எடுத்துக் கடித்தார். அவர் மென்றார். முகத்தில் எதுவும் இல்லை. இன்னொரு கடி கடித்தார். அப்போதும் எதுவும் இல்லை. மீதியைத் தட்டில் வைத்துவிட்டு, மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

மனைவியின் முகம் தொங்கிப்போனது. சோபாவில் மேல் வீடு கீழ் வீட்டைப் பார்த்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா" என்றாள் அந்தப் பெண். "நீங்க வழக்கமா அனுப்பறது இது இல்லைங்கறார். அது எங்கேன்னு கேக்கறார்."

மனைவி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். அது கரைந்தது. அவள் செய்த எதுவும் இதுவரை கரைந்ததில்லை.

"ஏங்க" என்றாள். "இது நான் செஞ்சது இல்லை."

ஸ்டோர் சார் அசடு வழிந்தார். மகள் கூரையைப் பார்த்தாள்.

"என் உருண்டை எங்கே?"

"அது... விருந்தாளிக்குக் கொடுத்தா தீர்ந்துடுமேன்னு..."

"தீர்ந்துடுமேன்னு?"

"நமக்கு வேணுமேன்னு எடுத்து வெச்சேன்."

இருபத்து மூன்று வருடங்களில் அவர் சொன்ன பொய்களிலேயே இதுதான் பெரியது. மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். நம்பலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல இருந்தது. கடைசியில் நம்புவது என்று முடிவு செய்துவிட்டாள். அது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

வாஷிங் மெஷினிலிருந்து பை வெளியே வந்தது. ஏன் அங்கே என்று மேல் வீட்டு அக்கா கேட்டார். மகள் மெஷின் மூடியைச் சாத்தினாள்.

விருந்தாளி ஒரு உருண்டையைக் கடித்தார். கடகடவென்று சத்தம் கேட்டது. அவர் காது சிவந்தது, மூக்கு சிவந்தது, நெற்றி வேர்த்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஸ்டோர் சார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து பார்த்தபோது அவர் இரண்டாவதைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவது. நடுவில் தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று கையால் மறித்தார். பதினொன்று சாப்பிட்ட பிறகு மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

மனைவி சோபா பக்கம் திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தாள். அத்தனை வருடத்துக் கைக்குட்டைகளுக்கும் அதில் பதில் இருந்தது. பிறகு ஒரு தட்டில் ஐந்து உருண்டைகளை வைத்துக் கணவரிடம் நீட்டினாள்.

"நமக்கு வேணும்னு எடுத்து வெச்சீங்களே. சாப்பிடுங்க."

சாப்பிட்டார். ஐந்தையும் சாப்பிட்டார். வேறு வழி இல்லை.

விருந்தாளி கிளம்பும்போது, "இருங்க, எடுத்துட்டுப் போக நூறு உருண்டை கட்டித் தரேன்" என்று மனைவி பாட்டோடு சமையலறைக்குள் போய்விட்டாள். ஸ்டோர் சார் அவரைக் கார் வரைக்கும் கொண்டுவிட வந்தார். நாக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு அந்த மனிதர்மேல் பெரிய மரியாதை வந்திருந்தது. இந்த அளவுக்கு நடிக்க இந்த உலகத்தில் யாராலும் முடியாது. ஒரு ஸ்டோர் கீப்பர் இன்னொரு ஸ்டோர் கீப்பரிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, மொழிபெயர்ப்புப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"என் வீட்டுக்காரி இங்கே இல்லை. மனசுல இருக்கறதைச் சொல்லச் சொல்லும்மா. பதினோரு உருண்டை அவர் எப்படிச் சாப்பிட்டார்?"

அவள் கேட்டாள். விருந்தாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நிறைய நேரம் பேசினார். ஒரு தடவை தன் நாக்கைத் தொட்டுக் காட்டினார். ஒரு தடவை, டிக்கியில் மிச்சமிருந்த ஏழு ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்த டிரைவரைக் காட்டினார். பேசி முடித்து ஸ்டோர் சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா சொல்றார்?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி வந்த ஒரு காய்ச்சல்ல இவருக்கு ருசியும் போச்சாம், வாசனையும் போச்சாம், தான் செய்யற ஜாடி எப்படி இருக்குன்னு அவங்க நாட்டுல ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறாங்களாம், ருசிச்சுப் பார்த்துச் சொல்ல நீங்க ஒருத்தர்தானாம், சாப்பிட்டா ஏதோ ஒண்ணு நாக்குல தெரியறது இந்த உலகத்துலயே அக்காவோட உருண்டை ஒண்ணுதானாம் சார்!"